இரண்டு தாள்களுக்கு நடுவே ஓர் ஓடை

"மேப்புல இல்லையே" என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். ஆட்டோக்காரர் சொன்னாலும் சரி, கூரியர் கொண்டுவருபவர் சொன்னாலும் சரி, ஒரு நிமிடம் பல்லைக் கடித்துக்கொண்டுதான் பதில் சொல்வேன். அவர்கள் மேல் தப்பில்லை. மேப்பு எப்படித் தயாராகிறது என்று அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். சில வருடங்கள் நான் அந்த வேலைதான் பார்த்தேன்.

இரண்டாயிரத்து மூன்று, நான்கு வாக்கில் சென்னையில் ஒரு சின்னத் தனியார் நிறுவனத்தில் இருந்தேன். நிலவியல் படித்தவளுக்கு அப்போது கிடைத்த வேலை அதுதான். அரசுத் துறை ஒன்று கொடுக்கும் வேலையைக் குத்தகைக்கு எடுத்துச் செய்வார்கள். செயற்கைக்கோள் எடுத்த படத்தைத் திரையில் விரித்து வைத்துக்கொண்டு, நிலத்தின் மேல் என்னென்ன நடக்கிறது என்று பார்த்து வரைய வேண்டும். எங்கே மழைத்தண்ணீர் மேல்மண்ணைச் சுரண்டுகிறது, எங்கே பள்ளம் அறுக்கிறது, அள்ளிய மண்ணை எங்கே கொண்டுபோய்ப் போடுகிறது, எந்த மேடு தேய்கிறது, எந்த ஏரி தூர்ந்துகொண்டு வருகிறது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம், ஒரு குறியீடு. நிலம் பாட்டுக்குச் சும்மா கிடக்கிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். அது ஒரு நாளும் சும்மா கிடப்பதில்லை. அந்த வேலையில் எனக்கு மனசாரப் பிடித்திருந்தது இந்த ஒரு விஷயம் மட்டும்தான்.

மற்றதெல்லாம் எரிச்சல். குளிர்சாதனம் கணினிகளுக்காக, எங்களுக்காக இல்லை என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். மென்பொருளைத் திறக்க ஒரு சின்னப் பூட்டுக் கருவியைக் கணினியின் பின்பக்கம் செருக வேண்டும். அந்தக் கருவி எத்தனை பேருக்கு வேண்டுமோ அத்தனை இருக்காது. பக்கத்து மேசைக்காரர் சாப்பிடப் போகும்போதுதான் எனக்குக் கிடைக்கும். அவர் மெதுவாகச் சாப்பிட வேண்டுமே என்று வேண்டிக்கொண்டு வேலை பார்த்திருக்கிறேன். பாதி கோடு இழுத்திருக்கும்போது கரண்டு போகும். வந்ததும் திறந்து பார்த்தால் காலையிலிருந்து வரைந்ததில் பாதி காணாமல் போயிருக்கும். யாரைத் திட்டுவது என்று தெரியாமல் விசைப்பலகையைத் திட்டுவேன்.

படத்தில் நிறங்களும் தலைகீழாக இருக்கும். பச்சைப் பயிர் சிவப்பாகத் தெரியும். தண்ணீர் கறுப்பாகத் தெரியும். வெட்டிப் போட்ட கிராவல் மண், நேரில் செக்கச் செவேல் என்று இருக்குமே அது, படத்தில் வெளேரென்று இருக்கும். எனக்கு ஒதுக்கிய தாளில், அதாவது மேப்பில் என் பங்குக்கு வந்த சதுரத்தில், அந்த வெள்ளைதான் அதிகம். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரைக்கும் உள்ள பகுதி அது. ஒவ்வொரு முறை புதுப் படம் வரும்போதும் வெள்ளை இன்னும் கொஞ்சம் பரவியிருக்கும். ஓர் ஏரியின் வயிற்றிலிருந்து டிப்பர் லாரியில் மண்ணை அள்ளிக்கொண்டு போய் இன்னொரு பள்ளத்தை மேடாக்கி அதன் மேல் தொழிற்சாலை கட்டுவார்கள். மழையும் காற்றும் ஆயிரம் வருடத்தில் செய்வதைப் பொக்லைன் ஒரு வாரத்தில் செய்துவிடும். ஆனால் எங்கள் குறியீட்டுப் பட்டியலில் பொக்லைனுக்கு இடம் கிடையாது. எதை வரைந்தாலும் அது மழையின் வேலை, காற்றின் வேலை, வெயிலின் வேலை என்றுதான் போட வேண்டும்.

அந்தத் தாளை நான் கேட்டு வாங்கவில்லை. கொடுத்தார்கள். பிரித்துப் பார்த்தால் என் அக்கா வாழ்க்கைப்பட்ட ஊர் அதில் இருந்தது.

நாங்கள் குன்றத்தூர்க்காரர்கள். அக்காவைப் பிள்ளைப்பாக்கத்துக்கு அடுத்த ஊரில் கொடுத்திருந்தோம். மாமாவுக்கு ஒரகடத்துப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் லைனில் வேலை கிடைத்துவிட்டது. ஷிப்டு, ஓவர்டைம் என்று அவர் போக்கு மாறிவிட்டது. ஏரிக்குக் கீழே இருந்த வயலை அதற்குப் பிறகு அக்காதான் பார்த்துக்கொண்டாள். எந்த விதை, எப்போது நடவு, யாரை ஆள் கூப்பிடுவது, நெல்லை எப்போது விலைக்குப் போடுவது எல்லாம் அவள் முடிவு. அந்த வீட்டில் மற்ற எந்த விஷயத்திலும் அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். டிவி எந்தப் பக்கம் வைப்பது என்றுகூடக் கேட்டதில்லை. வயல் விஷயம் என்றால் மட்டும் மாமியார்கூட, "அவள கேளு" என்பார். அதனால்தான் அக்கா அந்த வயலை விடவே இல்லை என்று நினைக்கிறேன். மண் பாசம் அது இது என்றெல்லாம் அவள் பேசி நான் கேட்டதில்லை.

மாமாவுக்கும் அவர் தம்பிகளுக்கும் வயலை விற்றுவிட வேண்டும். புரோக்கர்கள் வெள்ளைக் காரில் வந்து வாசலில் நின்றுகொண்டே இருந்தார்கள். இரண்டு வருடமாக மழை வேறு சரியில்லை, ஏரி வெடித்துக் கிடந்தது. கடைசியில் வீட்டில் உட்கார்ந்து ஒரு பேச்சுப் பேசி முடித்தார்கள். வரப்போகும் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரி ரொம்பினால் அக்கா பயிர் வைக்கலாம், அதற்கப்புறம் யாரும் விற்கிற பேச்சை எடுக்கக் கூடாது. ரொம்பவில்லை என்றால் விற்றுவிட வேண்டும், அக்கா தடுக்கக் கூடாது. அக்கா அதற்குச் சரி என்றாள். "மழ வரட்டும், பார்த்துக்கலாம்" என்று என்னிடம் சொன்னபோது அவளுக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை.

எனக்குத்தான் சந்தேகம். மழை வந்தாலும் ஏரிக்குத் தண்ணீர் எந்த வழியாக வரும் என்று நான் படத்தில் தேடிக்கொண்டிருந்தேன். வடக்கிலிருந்து வந்த பெரிய கால்வாயின் குறுக்கே ஏற்கெனவே ஒரு மதில் எழும்பிவிட்டது. அந்த வழி செத்துப்போனது. மழை நன்றாகப் பெய்த ஒரு பழைய வருடத்துத் தை மாதப் படம் எங்களிடம் இருந்தது. அதைப் போட்டு, அதற்கு மேல் இன்னும் துல்லியமான கறுப்பு வெள்ளைப் படத்தைப் போட்டு, கண் வலிக்க வலிக்கப் பார்த்தேன். மேற்கே கிராவல் மேட்டிலிருந்து இளஞ்சிவப்பாக ஒரு மெல்லிய கோடு கிளம்பி, வளைந்து வளைந்து வந்து, ஏரியின் மூலையில் இறங்கியது. அந்த வரிசையில் மட்டும் புல்லும் புதரும் பசுமையாக இருந்திருக்கிறது. அதற்கடியில் ஈரம் இருந்தால்தான் அப்படி இருக்கும். கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சின்ன ஓடை. ஏரிக்கு மிச்சம் இருந்த வழி அது ஒன்றுதான்.

இந்த மேப்பைப் பார்த்துத்தான் புதிதாகத் தொழிற்பேட்டைக்கு இடம் ஒதுக்குவார்கள், எங்கே ஓடை போகிறதோ அங்கே தண்ணீருக்கு வழிவிடச் சொல்வார்கள் என்று வேலை தொடங்கிய கூட்டத்தில் ஓர் அதிகாரி சொல்லியிருந்தார். அதை நான் நம்பினேன். நீலக் கோடாக அந்த ஓடையை இழுத்து, ஏரியோடு சேர்த்து, குறியீடும் போட்டுவிட்டு, அன்றைக்குக் கொஞ்சம் சந்தோஷமாகவே வீட்டுக்குப் போனேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். காட்டு பார்க்கலாம் என்று கூட்டிக்கொண்டு போனாள். போய் நின்றதும் சிரித்தாள்.

"இதுவா? இது பாதடி. மெயின் ரோட்டுக்குக் குறுக்கால போற பாத. கண்ணாலம் ஆகி வந்த நாள்லேர்ந்து நான் இதுலதான் நடந்துகினு கீறேன்."

"மழைக்காலத்துல இதுல தண்ணி வரும்ல?"

"கொஞ்சம் ஓடும். கொஞ்சம் நிக்கும். செருப்பக் கையில புடிச்சிகினு போவோம். அதுக்காக அத ஓடன்னு சொல்லுவியா?"

வருடத்தில் பத்து மாதம் காய்ந்து கிடப்பதால் ஊரே அதைப் பாதை என்று பழகியிருந்தது. சைக்கிள் தடம், மொபெட் தடம், ஆட்டுப் புழுக்கை எல்லாம் இருந்தன. அது மட்டும் என்றால் பரவாயில்லை. ஊரில் எல்லோரும் சேர்ந்து அந்தப் பாதையைக் கிராவல் கொட்டி உயர்த்தி ரோடாகப் போடச் சொல்லி மனுக் கொடுத்திருந்தார்கள். ரோடு வந்தால் கம்பெனி பஸ் ஊருக்குள் வந்து ஆட்களை ஏற்றிக்கொள்ளுமாம். மனுவில் முதல் கையெழுத்து அக்காவுடையது.

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. "அக்கா, இத மேடாக்கினா உன் ஏரிக்குத் தண்ணி வராது" என்றேன்.

"ஏரிக்கு வானத்துலேர்ந்து வரும். நீ படிச்சவ, ஒனக்கு எல்லாத்துலயும் ஒரு பயம்."

"அப்போ ரோட்டுக்கு அடியில பைப்பாவது வெக்கச் சொல்லு."

"கேட்டோம். பைப்புன்னா எஸ்டிமேட்டு மாறிடுமாம், மறுபடியும் மொதல்லேர்ந்து வரணுமாம். ரோடே வராம பூடும். உங்க மாமா ஷிப்டு முடிச்சி சேத்துல நடந்து வர்றது ஒனக்குத் தெரியுமா?"

அவள் வீட்டுப் பின்பக்கத்து அறைகளில் திருநெல்வேலிப் பக்கத்துப் பையன்கள் வாடகைக்கு இருந்தார்கள். அவர்களில் ஒருவன் வாளியோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தான். "அக்கா சொல்லுதது சரிதான். பஸ்ஸு வரலேன்னா நாங்க வேற ரூம் பாத்துருவோம்லா" என்றான். அக்கா என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். அவள் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

சரி, ஊர்க்காரர்கள் கேட்காவிட்டால் போகட்டும், மேப்பில் ஓடை இருந்தால் ரோடு போடுகிறவர்களே பைப்பு வைத்துத்தான் ஆக வேண்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தால், அங்கே எங்கள் டீம் லீடர் என் தாளைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதர். யார் மேலும் கத்த மாட்டார். அவரோடு சண்டை போடுவது தலையணையைக் குத்துவது மாதிரி, நமக்குத்தான் கை வலிக்கும்.

"இங்க பாரும்மா, எட்ஜ் மேட்ச் ஆகல" என்றார்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நாட்டைச் சதுரம் சதுரமாகத் தாள்களாகப் பிரித்திருப்பார்கள். ஆளுக்கு ஒரு தாள். என் தாளின் ஓரத்தில் ஒரு கோடு முடிந்தால், பக்கத்துத் தாளில் அதே இடத்திலிருந்து அந்தக் கோடு தொடர வேண்டும். இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்தால் கோடுகள் கை கோத்துக்கொள்ள வேண்டும். என் ஓடை மேற்கு ஓரத்தைத் தாண்டி இருந்த மேட்டில் பிறந்தது. அந்த மேடு பக்கத்துத் தாளில் இருந்தது. பக்கத்துத் தாளை வரைந்தவர்கள் வேறு ஊரில் இருந்த வேறொரு நிறுவனம். அவர்கள் அந்த ஓடையை வரையவில்லை. மொத்த மேட்டையும் ஒரே நிறத்தில் பூசிவிட்டுப் போயிருந்தார்கள். அதனால் என் ஓடை தாளின் ஓரத்தில் எங்கிருந்தோ குதித்து வந்தது போல நின்றது.

"தாளோட ஓரத்துலேர்ந்து ஓடை பொறக்குமா?" என்று சாந்தமாகக் கேட்டார்.

"அவங்க விட்டுட்டாங்க சார். படத்தைப் பாருங்க, மேட்டுலேர்ந்து வருது."

"வருது. நானும் பாக்கறேன். ஆனா அவங்க தாள் அப்ரூவ் ஆயிடுச்சு."

"அப்ரூவ் ஆயிட்டா தண்ணி நின்னுடுமா சார்?"

"தண்ணி நிக்காதும்மா. நம்ம பில்லு நின்னுடும்."

ஒப்புதல் வாங்கிய தாளை யாரும் திறக்கக் கூடாது. பின்னால் வரும் தாள்தான் அதற்கு ஏற்ப வளைந்துகொடுக்க வேண்டும். அது விதி. அதைத் திறக்க வேண்டும் என்றால் துறைக்குக் கடிதம் எழுத வேண்டும், துறை அந்த நிறுவனத்துக்கு எழுத வேண்டும், அவர்கள் தங்கள் தவறை ஒப்புக்கொள்ள வேண்டும். கடைசிக் காரியம் நடக்காது என்று எல்லோருக்கும் தெரியும். நான் ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தேன். அது மேசை மேசையாக நகர்ந்து, ஒரு காபிக் கறையோடு என்னிடமே திரும்பி வந்தது. பிறகு ஓடையை ஓரத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, என் தாளுக்குள்ளேயே தொடங்குவது போல வரைந்து பார்த்தேன். ஓரம் பொருந்தியது. அடுத்து சரிபார்க்கிறவர் அதைத் திருப்பி அனுப்பினார். இந்த இடத்தில் மேடு இல்லை, இங்கே ஓடை தொடங்க நியாயம் இல்லை என்று எழுதியிருந்தார். அவர் எழுதியது சரிதான். அதைப் படித்துவிட்டு நான் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். துக்கத்தால் அழவில்லை, ஆத்திரம்.

கடைசியாக ஒரு வழி இருந்தது. நேரில் போய்ச் சரிபார்க்கும் நாள் வரும். படத்தில் பார்த்ததை மண்ணில் நின்று பார்த்து எழுதிக்கொள்வார்கள். நேரில் ஓடை என்று நிரூபணமானால் ஓரம் பொருந்தாவிட்டாலும் ஒரு குறிப்போடு விட்டுவைக்கலாம் என்று டீம் லீடர் ஒப்புக்கொண்டார். எனக்காகத்தான் ஒப்புக்கொண்டார். அன்றைய வழியில் அந்த ஓடையையும் சேர்த்துக்கொண்டார்.

சித்திரை வெயிலில் ஜீப்பில் போனோம். முன்கண்ணாடியில் 'அரசுப் பணி' என்று அட்டை ஒட்டியிருந்தது. அந்த அட்டைதான் என் குடியைக் கெடுத்தது. நாங்கள் பாதையில் இறங்கி நின்று, ஜிபிஎஸ் கருவியைப் பிடித்து இடம் குறித்து, நான் மண்ணைக் கிளறி அடியில் கிடந்த ஆற்றுமணல் மாதிரியான மணலைக் காட்டிக்கொண்டிருந்தபோது ஊரே திரண்டு வந்துவிட்டது. முன்னால் அக்கா. கையில் மோர்ச் சொம்பு. நான் அன்றைக்கு வரப்போகிறேன் என்று அவளுக்குத் தெரியாது. முந்தின நாள்தான் முடிவானது, அவள் வீட்டில் போன் கிடையாது. என்னைப் பார்த்ததும் கண்ணை விரித்தாள். ஆனால் அட்டையைப் பார்த்துவிட்டாள். தங்கச்சியின் தயவில் ரோட்டு இலாகாவே அளக்க வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

டீம் லீடர் மோரை வாங்கிக் குடித்துவிட்டு மரியாதையாகக் கேட்டார். "அம்மா, மழைக்காலத்துல இதுல தண்ணி வருமா? இது ஓடையா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள்.

"ஓடையா? யார் சொன்னது சார்? இது ரோடு. சுத்தமான ரோடு. ஒரு சொட்டுத் தண்ணி நிக்காது. தாராளமா போடலாம்."

அவளுக்குப் பின்னால் நின்றவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். "தண்ணியே வராது சார்" என்று ஒருவர் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். ஓடை என்று சொன்னால் ரோடு போட மாட்டார்கள் என்று அவர்களுக்குப் பயம். இல்லாத தண்ணீரைப் பற்றிப் பொய் சொல்வதில் அவர்களுக்கு என்ன நஷ்டம். நான், "அக்கா, இவங்க ரோட்டுக்காரங்க இல்ல, உண்மையச் சொல்லு" என்றேன். அதைக் கேட்டு அக்கா குழம்பினாள். ஆனால் எல்லோர் முன்னாலும் சொன்னதை மாற்றிச் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. "பாததான் சார்" என்று மெதுவாகச் சொன்னாள். டீம் லீடர் என் முகத்தைப் பார்க்காமல் தாளில் 'வண்டிப்பாதை' என்று எழுதினார்.

ஜீப் கிளம்பும்போது அக்கா ஓடிவந்து ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, "நீ இன்னாத்துக்குடி சொல்லாம கொள்ளாம வந்த?" என்றாள். எனக்கு வந்த கோபத்தில் அவளோடு பேசவே பிடிக்கவில்லை. மண்ணூர் தாண்டும் வரைக்கும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அடுத்த நாள் ஓடையை அழித்தேன். அழிப்பது சுலபம், கோட்டைத் தொட்டு ஒரு பொத்தானை அழுத்தினால் போய்விடும். தாள் சுத்தமாகப் பொருந்தியது. ஒப்புதலும் வந்தது. புரட்டாசி முடிவதற்குள் ஊரில் ரோடும் போட்டுவிட்டார்கள். கிராவல் கொட்டி, இடுப்பளவு உயர்த்தி, அழுத்தி உருட்டிய ரோடு. கம்பெனி பஸ் ஊருக்குள் வந்த முதல் நாள் அதற்கு மாலை போட்டு, கற்பூரம் காட்டினார்களாம். அக்கா அதைச் சந்தோஷமாக வந்து சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த வருடம் மழை நன்றாகவே பெய்தது. யாரும் குறை சொல்ல முடியாது. குன்றத்தூரில் எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். நான் தினமும் காலையில் எழுந்து ஏரி எவ்வளவு ஏறியிருக்கும் என்றுதான் யோசித்தேன். கார்த்திகை பிறந்து ஒரு வாரம் கழித்து, மளிகைக் கடைப் போனிலிருந்து அக்கா அலுவலகத்துக்குக் கூப்பிட்டாள். குரலே வேறு மாதிரி இருந்தது.

"ஏரியில முட்டிக்கால் அளவுகூட இல்லடி. ரோட்டுக்கு அந்தாண்ட பாரு, கடல் மாரி நிக்குது. இந்தாண்ட ஒண்ணுமே இல்ல. ரோட்ட வெட்டலாம்னா யாரும் ஒத்துக்க மாட்டேங்கறாங்க, பஸ்ஸு நின்னுடுமாம். நீ சொன்ன பைப்ப இப்ப வெப்பாங்களா? உன் படத்த எடுத்துகினு வா."

விடுப்புச் சொல்லிவிட்டு ஓடினேன். பழைய தை மாதப் படத்தை, இளஞ்சிவப்புக் கோடு நன்றாகத் தெரியும்படி பெரிதாக்கி, வண்ணத்தில் அச்செடுத்துக் கொண்டேன். அக்காவும் நானும் ஓர் அரசு அலுவலகத்துக்குப் போய்க் காத்திருந்தோம். மத்தியானம் அதிகாரி கூப்பிட்டார். நான் படத்தை விரித்துவைத்து விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். அக்கா பக்கத்தில் நின்று, என் விரல் போகிற இடமெல்லாம் தலையாட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் படத்தை அவள் பார்த்தது அன்றைக்குத்தான்.

அவர் எழுந்து போய் பீரோவைத் திறந்து ஒரு சுருளை எடுத்துவந்து மேசையில் விரித்தார். எங்கள் மேப்பு. நான் பூசிய நிறங்கள், என் கோடுகள். ஓரங்கள் எல்லாம் அழகாகப் பொருந்தியிருந்தன.

"இது அப்ரூவ் ஆனதும்மா. இதுல அந்த எடத்துல ஓடை இல்லையே."

"போட்டோல இருக்கு சார், பாருங்க."

"போட்டோல ஆயிரம் தெரியும். மேப்புல இருந்தாத்தான் நான் எழுத முடியும்."

"அந்த மேப்ப வரைஞ்சதே நான்தான் சார். ஓடையப் போட்டிருந்தேன். எடுக்கச் சொல்லிட்டாங்க."

அவர் கேலி செய்யவில்லை. உண்மையிலேயே புரியாமல்தான் என்னைப் பார்த்தார். "நீங்களே வரைஞ்சு, நீங்களே இல்லன்னு காட்டியிருக்கீங்க. இப்ப நீங்களே வந்து இருக்குன்னு சொன்னா நான் எத எடுத்துக்கறது?"

எட்ஜ் மேட்ச் பற்றி அவருக்கு விளக்க ஆரம்பித்தேன். பாதியிலேயே என் குரல் உயர்ந்துவிட்டது. அக்கா என் முழங்கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தாள்.

வெளியே டீக்கடையில் நின்றோம். அவள் டீயைக் குடித்து முடித்தாள். பிறகு, "அன்னிக்கு ஓடன்னு சொல்லியிருந்தா போட்டிருப்பாரா உங்க சாரு?" என்று கேட்டாள். போட்டிருக்கலாம் என்று சொன்னேன். போட்டிருந்தாலும் ரோட்டுக்காரர்கள் அதைப் பார்த்திருப்பார்களா என்று எனக்கே நிச்சயம் இல்லை, அதையும் சொன்னேன். அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று சொல்லவில்லை. அந்த நேரத்தில் எனக்கு எதன் மேலும் நம்பிக்கை இல்லை.

பேச்சு பேச்சுதான் என்று மாமா சொல்லிவிட்டார். ஏரி ரொம்பவில்லை, வயலை விற்றுவிடலாம். சொன்னபடி அக்கா தடுக்கவில்லை. தை மாதம் பத்திரப் பதிவுக்கு நாள் குறித்தார்கள். துணைக்கு வா என்று என்னைக் கூப்பிட்டாள். போனேன். கல்யாணப் பட்டில் ஒன்றை எடுத்துக் கட்டியிருந்தாள். ரேஷன் கார்டையும் போட்டோவையும் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கையில் வைத்திருந்தாள். பஸ்ஸில் வரும்போது உள்ளங்கையில் விரலால் கையெழுத்துப் போட்டுப் போட்டுப் பார்த்துக்கொண்டே வந்தாள். "நான் போடறப்போ கை நடுங்கக் கூடாதுடி. அவங்க எதிர்ல நடுங்கக் கூடாது" என்றாள்.

பத்திரம் எழுதுகிறவர் வெளியே வந்து வரிசையாகக் கூப்பிட்டார். மாமியார், மாமா, தம்பிகள். அவர்கள் எழுந்து உள்ளே போனார்கள். அக்காவும் புடவையைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள்.

"நீங்க யாரும்மா?"

"மூத்தவரோட சம்சாரம்."

அவர் தாளைப் புரட்டிப் பார்த்தார். "நிலம் மாமனார் பேர்ல இருந்தது. வாரிசுங்க போட்டாப் போதும். உங்க கையெழுத்து வேணாம். நீங்க உக்காருங்க."

அக்கா நின்றுகொண்டே இருந்தாள். நான்தான் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். கவரை மடியில் வைத்து இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். உள்ளே மேசை மேல் முத்திரை குத்தும் சத்தம் கேட்டது. என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"அப்போ இத்தினி வருஷமா நான் விக்க வேணாம் வேணாம்னு சொன்னது யார்கிட்டடி?"

உள்ளிருந்து மாமா வெளியே வந்து, எல்லாம் முடிந்தது, சாப்பிடப் போகலாம் என்றார்.